குழந்தைக்குத் தடுப்பூசி: தமிழ்நாட்டுப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தடுப்பூசியே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெற்றோர் நம் ஊரில் ரொம்பக் குறைவு. "அடுத்த புதன்கிழமை பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஒருவருக்குக் காய்ச்சல் பயம், இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, வேறொருவருக்கு மாமியார் சொன்ன வார்த்தை. கீழே உள்ளவை அப்படித் தள்ளிப்போடுகிறவர்களின் கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

எந்த வயதில் என்னென்ன ஊசி?

அரசு அட்டவணைப்படி, பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, மஞ்சள் காமாலை பி ஊசி. கடைசியாகச் சொன்னதை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிறகு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று மூன்று முறை பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகிய ஐந்துக்கும் இந்த ஒரே ஊசிதான். அந்த மூன்று முறையும் போலியோ சொட்டும், பேதியைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் உண்டு. முதல் முறையும் மூன்றாம் முறையும் நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசியும் போலியோ ஊசியும் சேரும்.

ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா முதல் தவணை. கூடவே நியூமோகாக்கல், போலியோ ஊசிகளின் கடைசித் தவணையும் வைட்டமின் ஏ சொட்டும். 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி) ஊக்க ஊசி, போலியோ சொட்டு. ஐந்து வயதில் இன்னொரு முத்தடுப்பு ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான டி.டி. (Td) ஊசி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி எல்லா மாவட்டத்திலும் கிடையாது. உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கிறேன், நல்ல சாப்பாடு தருகிறேன். எதிர்ப்பு சக்தி தானாக வராதா?

தாய்ப்பால் கொடுப்பது ரொம்ப நல்லது, நிறுத்தாதீர்கள். ஆனால் தாயிடமிருந்து குழந்தைக்கு வரும் எதிர்ப்பு சக்தி கொஞ்ச காலத்துக்குத்தான். தட்டம்மையையே பாருங்கள். கர்ப்பத்தில் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போன எதிர்ப்பொருள் முதல் சில மாதங்கள் காக்கும், பிறகு குறைந்துகொண்டே வரும். அது இருக்கும்போது ஊசி போட்டால் ஊசி மருந்தையே அது செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறார்கள். அப்போதும் ஏறக்குறைய 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் முழுப் பலன் கிடைக்கும் என்பதால் இரண்டாம் தவணை.

ராகிக் கூழும் முட்டையும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை நோயைத் தாங்கும் தெம்போடு இருக்கும், சரி. ஆனால் ரண ஜன்னிக் கிருமி உடம்புக்குள் விடும் நஞ்சைச் சாப்பாடு முறிக்காது. பாட்டிகள் ஆரோக்கியமாகச் சாப்பிட்ட அந்தக் காலத்தில், ஒரு வீட்டில் எட்டுப் பிள்ளை பிறந்து ஐந்து தங்கியது என்பது சாதாரணப் பேச்சு.

இந்த நோயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? இல்லாத நோய்க்கு ஏன் ஊசி?

பெரியம்மை உண்மையிலேயே ஒழிந்துவிட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1975-ல். உலகமே அதிலிருந்து விடுபட்டதாக 1980-ல் அறிவித்தார்கள், அந்த ஊசியும் நின்றது. உங்கள் தாத்தா பாட்டி கையில் வட்டமாக இருக்கும் அம்மை குத்திய தழும்பு உங்கள் கையில் இல்லாததற்கு அதுதான் காரணம். நோய் இல்லையென்றால் ஊசியும் இல்லை.

மற்றவை அப்படி ஒழியவில்லை. இளம்பிள்ளை வாதம் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014-ல் நமக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் அடங்கவில்லை. தொண்டை அடைப்பான் மறைந்துவிட்டதாகத்தான் கேரளத்திலும் நினைத்தார்கள். 2016-ல் மலப்புறம் மாவட்டத்தில், ஊசி போடாத பிள்ளைகள் நிறைய இருந்த இடங்களில், அது திரும்பி வந்து பிள்ளைகள் இறந்தார்கள். படிப்பறிவும் மருத்துவமனையும் குறைவில்லாத மாநிலம் அது.

தட்டம்மை கதை வேறு. யாருக்கும் எதிர்ப்பு சக்தி இல்லாத இடத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். ஊரில் 95 சதவீதம் பேர் ஊசி போட்டிருந்தால்தான் அது பரவாமல் நிற்கும். "எல்லாரும் போட்டிருக்கிறார்களே, என் பிள்ளை ஒன்று போடாவிட்டால் என்ன" என்ற கணக்கை ஒரு தெருவில் நாலு வீடு போட்டால் அந்த 95 கரைந்துவிடும்.

ஊசி போட்டால் ஆட்டிசம் வருமா?

வராது. இந்தப் பயம் தொடங்கிய இடம் தெளிவாகத் தெரியும். 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்பது அதன் சாரம். ஆராய்ந்த பிள்ளைகள் வெறும் 12 பேர். ஊசிக் கம்பெனிகள்மேல் வழக்குப் போடத் தயாரான வக்கீலிடம் அவர் பணம் வாங்கியதும், பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளைத் திரித்ததும் பிறகு வெளிவந்தன. 2010-ல் இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவருடைய மருத்துவப் பதிவும் பறிபோனது.

அதற்குள் பயம் உலகம் சுற்றிவிட்டது. அதைச் சோதிக்கவே பல நாடுகளில் ஆய்வு நடத்தினார்கள். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து 2019-ல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் வேறு காரணத்துக்காக 1993-ல் எம்.எம்.ஆர். ஊசியை நிறுத்தினார்கள். அதன் பிறகும் யோகோஹாமா நகரில் ஆட்டிசம் கண்டறியப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது.

ஆனாலும் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா, "ஊசிக்குப் பிறகுதான் பேச்சு நின்றது" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண் பார்ப்பதில்லை, வந்த சொற்கள் போய்விட்டன என்பதெல்லாம் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள்தான் வீட்டார் கண்ணில் படும். 16 மாத ஊசியும் அதே காலத்தில் வருகிறது. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் மனம் முடிச்சுப் போடும், அது இயல்பு. அந்த அம்மாவிடம் வாதாடுவதைவிட, பிள்ளைக்குச் சீக்கிரம் பேச்சுப் பயிற்சி கிடைக்க வழி சொல்வது நல்லது.

2017-ல் பள்ளிகளில் போட்ட ஊசியைப் பற்றி அவ்வளவு பேசினார்களே, அதில் உண்மை என்ன?

அந்த ஆண்டு பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஐந்திலும் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்பே போட்டிருந்தாலும் இன்னொரு தவணை. தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள். சில நாட்களிலேயே வாட்ஸ்அப் நிரம்பியது. பெண் பிள்ளைகளுக்குக் கருத்தரிக்காது, வெளிநாட்டுக்காரர்கள் நம் பிள்ளைகளைச் சோதனை எலியாக்குகிறார்கள் என்றெல்லாம். பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாத பெற்றோரும் இருந்தார்கள். பிப்ரவரி இறுதியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியிருந்தது.

செய்திகள் பொய். ஆனால் பெற்றோரை முட்டாள்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. ஏற்கெனவே ஊசி போட்ட பிள்ளைக்கு ஏன் இன்னொன்று, ரூபெல்லா என்றால் என்ன, ஏன் பள்ளியில் போடுகிறார்கள் என்று பல வீடுகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. டைரியில் ஒரு வரிக் குறிப்பு வந்தது, அவ்வளவுதான். அந்த வெற்றிடத்தில் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொண்டது.

சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ரூபெல்லா பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்பும், மூன்று நாளில் போய்விடும். முதல் மூன்று மாதக் கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவு ஆகலாம், அல்லது குழந்தை கண்புரையோடும் காது கேளாமலும் இதயக் கோளாறோடும் பிறக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1990-களில் ஓர் ஆய்வு நடந்தது. கண்புரையோடு வந்த ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு ரூபெல்லாவே காரணம் என்று தெரிந்தது. கருத்தரிப்பைக் கெடுக்கும் என்று வதந்தி கிளப்பிய அதே ஊசி, கருவில் இருக்கும் பிள்ளையைக் காப்பதற்காக வந்தது.

ஊசி போட்ட குழந்தை இறந்தது என்று செய்தி வருகிறதே?

வருகிறது. மூடி மறைக்க ஒன்றுமில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு கைக்குழந்தைகள் இறந்தன.

இப்படிப்பட்ட சம்பவங்களில் மூன்று விதம் உண்டு. ஒன்று, மருந்துக்கே ஏற்படும் கடும் ஒவ்வாமை. பத்து லட்சம் தவணைக்கு ஒன்று என்ற அளவில் வரும், வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரியும். அதனால்தான் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள். இரண்டு, போடும் விதத்தில் தவறு. தட்டம்மை ஊசியும் பி.சி.ஜி.யும் பொடியாக வரும், அதற்குரிய நீரில் கலக்க வேண்டும். கலந்த பிறகு நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வேறு திரவத்தைக் கலந்தாலோ, நேரம் கடந்ததைப் போட்டாலோ உயிருக்கே ஆபத்து. மூன்று, ஊசியோடு தொடர்பே இல்லாமல், வேறு நோயால் அந்த நாளில் நேர்ந்த மரணம். கைக்குழந்தைப் பருவத்தில் இத்தனை முறை ஊசி போடும்போது இதுவும் நடக்கத்தான் செய்யும். எது எது என்பது விசாரணையில்தான் தெரியும்.

திருவள்ளூருக்குப் பிறகு தமிழக அரசு கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. பாதுகாப்பு கருதி எடுத்த முடிவு, புரிந்துகொள்ளலாம். ஆனால் தூரத்தில் இருந்தவர்கள் விடுபட்டுப் போனார்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005-06-ல் 80.9 சதவீதம், 2015-16-ல் 69.7. அந்தச் சரிவுக்கு இந்த முடிவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். 2019-21 கணக்கெடுப்பில் 89.2 ஆக ஏறியது.

நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. மருந்துக் குப்பியைத் திறந்த நேரத்தை அதன்மேல் எழுதியிருக்க வேண்டும். குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் இருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெயிலில் கெடவில்லை என்று பொருள். ஊசிக்குழல் புது உறையிலிருந்து வர வேண்டும். "நர்ஸம்மா, எத்தனை மணிக்குத் திறந்தீங்க?" என்று கேட்டால் நல்ல செவிலியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பென்டா போட்ட ராத்திரி காய்ச்சல் அடிக்கிறது. என்ன செய்வது?

இரண்டு நாள் வரை காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவை. பால் கொடுங்கள், மெல்லிய துணி போடுங்கள், வீங்கிய இடத்தில் ஈரத்துணி வைக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, மஞ்சள் பற்றுப் போடுவது, உருவிவிடுவது எதுவும் வேண்டாம்.

பாராசிட்டமால் கொடுப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு வேளைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. ஐந்து கிலோக் குழந்தைக்கு 75 மில்லிகிராம். 'டிராப்ஸ்' என்று வரும் சின்னப் புட்டியில் பொதுவாக ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும், ஆகவே முக்கால் மில்லி. சிரப்பில் ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம், ஆகவே மூன்று மில்லி. சிரப்பின் அளவை டிராப்ஸில் ஊற்றிக் கொடுத்தால் நான்கு மடங்கு மருந்து உள்ளே போகும், ஈரல் பாதிக்கப்படும். 250 என்று போட்ட சிரப்பும் கடையில் உண்டு. புட்டியைப் படித்துவிட்டு, எவ்வளவு என்று ஊசி போடும் இடத்திலேயே எழுதி வாங்குங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். ஊசிக்கு முன்பே 'வந்துவிடக் கூடாது' என்று கொடுக்கவும் வேண்டாம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிறுத்தாமல் வீறிட்டு அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, குழந்தை துவண்டு போனாலோ, மூச்சுத் திணறினாலோ, இரண்டு நாளைக்கு மேல் காய்ச்சல் இருந்தாலோ உடனே மருத்துவமனை.

பி.சி.ஜி. போட்ட இடம் புண்ணாகிறது. அந்த ஊசியால் பலனே இல்லை என்றும் சொல்கிறார்களே?

போட்டு சில வாரத்தில் சிறு கொப்புளம் வந்து, உடைந்து, ஆறித் தழும்பாகும். மருந்து எதுவும் தடவ வேண்டாம். தழும்பு வராவிட்டாலும் திரும்பப் போடத் தேவையில்லை.

பலன் இல்லை என்ற பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு, அதுவும் நம் செங்கல்பட்டில். 1968-ல் தொடங்கி அந்த மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து மிகப்பெரிய பி.சி.ஜி. ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. உண்மைதான். ஆனால் கைக்குழந்தைகளுக்கு மூளையில் தாக்கும் காசநோயையும் உடம்பு முழுக்கப் பரவும் காசநோயையும் அது தடுக்கும் என்பது வேறு பல ஆய்வுகளில் உறுதியானது. பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான்.

சளி பிடித்திருக்கிறது. ஊசியைத் தள்ளிப்போடலாமா?

லேசான சளி, இருமல், பேதி, சின்னக் காய்ச்சலுக்குத் தள்ளிப்போடத் தேவையில்லை. அதிகக் காய்ச்சலோ, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு உடம்பு சரியில்லாமலோ இருந்தால் குணமானதும் போடலாம். குறைமாதக் குழந்தைக்கும் பிறந்த தேதியிலிருந்தே கணக்கு.

ஒரே நாளில் மூன்று ஊசி. பிஞ்சு உடம்பு தாங்குமா?

தாங்கும். பார்க்கிற நமக்குத்தான் தாங்காது. பிறந்த நாளிலிருந்து தோலிலும் குடலிலும் கோடிக்கணக்கான கிருமிகளைக் குழந்தையின் உடம்பு சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரித்துப் போட்டால் அழுகை குறையாது, பயணம் கூடும், ஒன்று விட்டுப்போகும்.

தனியாரில் 'வலி இல்லாத ஊசி' போடுகிறார்கள். அரசு ஊசி மட்டமா?

இல்லை. வித்தியாசம் கக்குவான் இருமல் பகுதியில் இருக்கிறது. அரசு ஊசியில் கிருமியை முழுதாகக் கொன்று வைத்திருப்பார்கள், காய்ச்சல் கொஞ்சம் அதிகம் வரும். வலி இல்லாத ஊசியில் கிருமியின் சில பகுதிகள் மட்டும், காய்ச்சல் குறைவு. ஆனால் அதன் பாதுகாப்பு சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. விலையும் பல மடங்கு. கையில் காசு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், கடன் வாங்கிப் போட வேண்டிய விஷயம் இல்லை.

காசு செலவழிக்க வேறு இடம் உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கான ஊசி அரசு அட்டவணையில் இல்லை, சின்னம்மைக்கும் இல்லை. இவற்றைத் தனியாரில் போடலாமா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மை என்பது தெய்வம் வந்து இறங்குவது. ஊசி போட்டுத் தடுக்கலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வேப்பிலை கட்டட்டும், தாளிக்காமல் சமைக்கட்டும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றட்டும். ஊசி எதற்கும் குறுக்கே வராது. நம்பிக்கையால் மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பதில்தான் ஆபத்து. தட்டம்மை கண்ட பிள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுத்தால் கண்பார்வையும் உயிரும் காப்பாற்றப்படும். தட்டம்மை கண்ட வீட்டுக்குப் போய்வந்த பிள்ளைக்கு 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாலும் பலன் உண்டு. 'அம்மை வந்து போன பிள்ளை, இனி ஊசி எதற்கு' என்று விட்டுவிடாதீர்கள். வந்தது சின்னம்மையாகவும் இருந்திருக்கலாம்.

நான் போட வேண்டும் என்கிறேன். மாமியாரும் கணவரும் வேண்டாம் என்கிறார்கள்.

முதலில் எதற்குப் பயம் என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் ஒரு பழைய சம்பவம் இருக்கும். யாரோ ஒரு உறவுக்காரக் குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கும், யாருக்கோ தொடையில் சீழ் பிடித்திருக்கும். அதைக் கேட்காமல் புள்ளிவிவரம் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். அடுத்த முறை மாமியாரையே கூட்டிக்கொண்டு போங்கள். "அத்தை, நீங்களே நர்ஸம்மாகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டால் பல வீடுகளில் காரியம் முடிந்துவிடும். தாய் வீட்டில் இருக்கும் மாதங்களில் ஊசி தேதி வந்தால் அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

சட்டப்படி கட்டாயமா?

இல்லை. யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம், கொரோனா ஊசி வழக்கில் சொன்னது. பொது நலன் கருதி நியாயமான கட்டுப்பாடு விதிக்க அரசுக்கு இடம் உண்டு என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆனால் தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குத் தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியில், குழந்தை பிறந்த பிறகு வரும் தவணைப் பணத்துக்குக் குழந்தையின் ஊசிப் பதிவைப் பார்ப்பார்கள்.

தேதி தவறிவிட்டது, கார்டும் தொலைந்துவிட்டது. முதலிலிருந்து போட வேண்டுமா?

வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இடைவெளி நீண்டதால் பழைய தவணை வீணாகாது. தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரையும், முத்தடுப்பு ஏழு வயது வரையும் போடலாம். ரோட்டா சொட்டு மட்டும் ஒரு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். கார்டு போனால், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது தந்த பிக்மி எண்ணைச் சொல்லுங்கள், கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் இருக்கும். இப்போது மத்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யூ-வின் இணையதளத்திலும் பதிவாகிறது. புதுக் கார்டு கைக்கு வந்ததும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.